மாஸ்டரிங்குக்கு அனுப்பும் முன்

சென்ற ஆண்டு ஒரு பக்திப் பாடலை மிக்ஸ் செய்து (தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்த்து), கடைசி மெருகேற்றலான மாஸ்டரிங்குக்கு அனுப்பியபோது, மறுநாளே அது திரும்பி வந்துவிட்டது. எல்லா டிராக்கும் ஒன்றுசேரும் மாஸ்டர் பஸ்ஸில், ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் இருக்கிறது, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மின்விசிறி ஓடுகிறது என்று இரண்டே குறைகளை மாஸ்டரிங் செய்பவர் எழுதியிருந்தார். இரண்டும் உண்மை.

லிமிட்டர், பாடகியிடம் போட்டுக் காட்டும்போது பாட்டு எடுப்பாக ஒலிக்க வேண்டுமென்று நான் போட்டது. மிருதங்க அடியின் முனையை அது ஒருமுறை சீவிவிட்டால், பிறகு எந்தக் கருவியாலும் அதை ஒட்டவைக்க முடியாது. ஆனால் அதை அணைத்ததும் வீணை பின்வாங்கி, மிருதங்கம் துருத்திக்கொண்டு நின்றது. அதாவது, இத்தனை நாளும் லிமிட்டர் செய்த சமநிலையை என் மிக்ஸ் என்று நம்பியிருக்கிறேன். அரை நாள் உட்கார்ந்து அளவுகளைத் திருத்தி, உச்சம் -6 டெசிபலை (கோப்பு தாங்கும் அதிகபட்சமான 0-க்கு 6 டெசிபல் கீழே) தாண்டாமல் நிறுத்தினேன். ஒலியின் அளவை எழுதும் 24 பிட்டில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பதால், இதில் இழப்பது ஒரே ஒரு பிட்தான். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மின்விசிறிதான் அதிக நேரம் எடுத்தது. பதிவின்போது புழுக்கம் தாங்காமல் இடைவேளையில் போட்டதை அணைத்தோம். இறக்கைகள் முழுதாக நிற்பதற்குள் பாடத் தொடங்கிவிட்டோம். வீணை ஒலித்துக்கொண்டிருக்கும்போது அந்த இரைச்சல் மறைந்திருக்கிறது. மாஸ்டரிங்கில் மொத்த ஒலியையும் உயர்த்தும்போது, இடைவெளியிலுள்ள இரைச்சலும் கூடவே எழும்பி வருகிறது. ஆகவே ஒவ்வொரு டிராக்கையும் தனியாக, யாரும் பாடாத, வாசிக்காத இடங்களில் ஹெட்ஃபோனில் கேட்டேன். வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் 10 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலி படிப்படியாக ஏறுவது அல்லது இறங்குவது) வைத்தேன். இல்லாவிட்டால் ‘டிக்’கென்று ஒரு சத்தம் நிற்கும். பாடகியின் மூச்சைக் குறைத்தேனே தவிர, நீக்கவில்லை. வீணையில் விரல் வழுக்கும் ஒலியை இரைச்சல் என்று துடைப்பவர்களும் இருக்கிறார்கள்; எனக்கு அது வாசிப்பில் சேர்ந்தது.

பாடகியின் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் எதுவும் குறையாது. ஆனால் அதே பழக்கத்தில் மிருதங்கத்திலும் கைவைத்தால் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் கும்கி என்ற அதிர்நாதம் வெறும் தட்டலாகிவிடும். மறுபக்கமான வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு மைக் வைத்திருந்ததால், இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றனவா என்று அறிய, மொத்தத்தையும் மோனோவில் (ஒரே சேனலில்) போட்டு, ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். திருப்பியபோதுதான் தொப்பிக்கு உடம்பு வந்தது. ஸ்டீரியோவில் இந்தக் குறை இத்தனை நாள் காதுக்கு எட்டவே இல்லை.

கோப்பைப் பொறுத்தவரை, பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்ற கணக்கு) சுருக்காத 24 பிட் வேவ் கோப்பு போதும்; சுருக்கிய எம்பி3 கூடாது, நார்மலைஸ் செய்யவும் (உச்சத்தை அதிகபட்ச அளவுக்கு ஏற்றவும்) கூடாது. லிமிட்டர் போட்ட பழைய வடிவத்தையும், பாடகி கேட்டுப் பழகிய ஒலி இது என்று காட்டுவதற்காகத் தனிக் கோப்பாகச் சேர்த்துக்கொண்டேன்.

தம்புரா முழுவதும் அடங்கிய பிறகு 3 வினாடி விட்டு ஏற்றுமதி செய்து, அந்த 3 வினாடியை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டேன். பாடகி தாளைப் புரட்டும் ஒலி அதில் தெளிவாக இருந்தது. அதையும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தேன்.