பைக் வாங்கும்போது சிசி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

யமஹா ஆர்15-ன் இன்ஜின் 155 சிசி, சக்தி 18.4 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு). ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் 349 சிசி. சக்தியோ 20 சொச்சம்தான். இன்ஜின் இரண்டு மடங்குக்கு மேல் பெரிசு, ஆனால் சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை.

சிசி (கன சென்டிமீட்டர்) என்பது பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே வரும்போது சிலிண்டருக்குள் விடும் இடத்தின் அளவு, அவ்வளவுதான். கிளாசிக்கில் சிலிண்டர் விட்டம் 7.2 செ.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 8.58 செ.மீ. 7.2 × 7.2 × 8.58 × 0.785 (வட்டப் பரப்புக்கான π/4) போட்டுப் பாருங்கள், 349 வரும்.

வண்டியின் குணத்தைச் சொல்வது டார்க்கும் (இன்ஜினின் சுழற்றும் விசை, அதாவது இழுவை) அது கிடைக்கும் ஆர்பிஎம்மும் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது). கிளாசிக் 4,000 ஆர்பிஎம்மிலேயே 27 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது. ஆர்15-க்கு அதிகபட்சமே 14.2, அதுவும் 7,500-ல். ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் முன்னது கியர் குறைக்காமல் போகும்; பின்னதை முறுக்கி ஓட்டவேண்டும். ஆனால் முன்னதன் எடை 195 கிலோ. பஞ்சரானால் தள்ளப்போவது நீங்கள்தான்.

ஊருக்குள் தினமும் 20, 30 கிலோமீட்டர் என்றால் 100 முதல் 125 சிசி தாராளம். 97.2 சிசி ஸ்ப்ளெண்டரின் 8 பிஎஸ் இருவரைச் சுமக்கும். நான்குவழிச் சாலையில் 80-ல் போகும்போது லாரியை முந்தத்தான் அதில் மிச்சம் இருக்காது. வாராவாரம் ஜோடியாக ஹைவேயில் போகிறவர்கள் 150-க்குக் கீழே பார்க்கவேண்டாம்.

செலவுக் கணக்கில் மட்டும் சிசி நேரடியாகப் பேசும். மூன்றாம் நபர் காப்பீட்டில் 150-ஐத் தாண்டினால் பிரீமியம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, 350-ஐத் தாண்டினால் மறுபடி இரட்டிப்பு. ஆர்15-ம் கிளாசிக்கும் ஒரே படியில் வருவது வேடிக்கைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. கம்பெனிகள் 149, 349 என்று நிறுத்துவது சும்மா இல்லை.

டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போகாதீர்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் ஏற்றி, மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் 30-லிருந்து மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருகுங்கள். வண்டி உதறி, செயின் கடகடத்தால் அந்த வேகத்துக்கு இரண்டாவது கியர்தான் சரி. மூன்றிலேயே ஓட்டினால் செயினும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் சீக்கிரம் தேயும். தினசரி வழியில் அடிக்கடி இரண்டாவதுக்கு இறங்கவேண்டிவரும் என்று தோன்றினால், டார்க் கூடுதலான அடுத்த மாடலையும் ஓட்டிப் பாருங்கள்.