அப்பாவின் துப்பாக்கியும் அக்காவின் கையெழுத்தும்

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா கேட்டார்: "அந்தத் துப்பாக்கிய என்னடா பண்ணப்போற?" அப்பா தோட்டக் காவலுக்கு என்று உரிமம் எடுத்து வைத்திருந்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி அது. உரிமம் அவர் பெயரில். அவர் போன பிறகு அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. 1959 ஆயுதச் சட்டப்படி, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும்.

துணியில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனேன். ரைட்டர் எண்ணைப் பதிவேட்டில் எழுதி ரசீது கொடுத்தார். தேர்தல் வரும்போதெல்லாம் அப்பா இப்படித்தான் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார்.

உரிமத்தை என் பெயருக்கு மாற்ற கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் தர வழி இருக்கிறது. அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதாக மருத்துவர் தரும் சான்று, பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, பயிற்சிச் சான்று, அப்புறம் மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம்.

பட்டியலைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "1878-ல வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான். அவனுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். அதை எதிர்த்துத்தான் 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டுல ஆயுதம் வைத்திருக்கிறதும் ஒரு உரிமைன்னு தீர்மானம் போட்டாங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்மானமே விதிமுறைகளுக்கு உட்பட்டு என்றுதான் சொன்னது. 1948 டிசம்பரில், அரசியல் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்த அரசியல் நிர்ணய சபையில், உறுப்பினர் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. இரவு வெகுநேரம் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நான் பாதி சித்தப்பா பக்கம்தான் இருந்தேன்.

என் மனதை மாற்றியது அக்கா. ஆட்சேபம் இல்லை என்ற பத்திரத்தை நீட்டியபோது அவள் பேனாவை எடுக்கவே இல்லை.

"அப்பா ஒரு ராத்திரி வரப்புத் தகராறுல அதை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போனாரே, ஞாபகம் இருக்காடா?"

எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்போது சின்னப் பையன். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு படியில் கிடந்ததை அக்கா கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். முப்பது வருடமாக அவளை இதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு தாள் இல்லையென்றால் நானும் கேட்டிருக்க மாட்டேன். "எங்க வைப்ப? சாவி யார்கிட்ட இருக்கும்? தோட்டா எங்க இருக்கும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இரும்புப் பீரோ வாங்கிச் சுவரில் பதித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

என் மனுவை விசாரிக்க வந்த அதிகாரி வேறு மாதிரி. சொத்து எவ்வளவு, நிலம் எவ்வளவு என்றே துருவினார். போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று அதே 1959 சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. ஏழையின் கோபம் ஆபத்து, பணக்காரனின் கோபம் ஆபத்தில்லை என்றா அர்த்தம்? அப்புறம் மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. போகும்போதெல்லாம் "ஃபைல் மேலே இருக்கு" என்பார்கள். மறுப்பதென்றால் எழுத்தில் மறுக்கட்டும், மேல்முறையீடு செய்யலாம். மௌனத்தை எதிர்த்து யாரிடம் போவது? மனுதாரரின் குணத்தையும், வீட்டையும், வீட்டில் இருப்பவர்களின் பயத்தையும் விசாரிப்பது நியாயமான கட்டுப்பாடு. அவருடைய பையையும் பொறுமையையும் அளப்பதை என்னால் அப்படி ஏற்க முடியவில்லை.

பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது சுடுவதை அல்ல. துப்பாக்கி கைக்கு வந்ததும் குழலை மடக்கித் திறந்து, இரண்டு துளையும் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். காலி என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. அன்று இருபது தடவையாவது அதையே செய்ய வைத்தார்கள்.

கடைசியில் உரிமம் வந்தது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருடத்துக்குப் பதில் ஐந்து வருடம் செல்லும். ஸ்டேஷனில் ரசீதைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி வந்த அன்று அக்காவும் வந்திருந்தாள். பீரோவில் வைக்கப் போனபோது, "இரு, திறந்து காட்டு" என்றாள். குழலை மடக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். குனிந்து ஒரு துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று வழியாகவும் பார்த்தாள். "சரி, பூட்டு" என்றாள்.