எருக்குவியலில் பனிச்சரிவு ஒத்திகை

பிப்ரவரியில் குல்மார்க் போவதென்று முடிவானதும் பரண்மேல் கிடந்த பையை இறக்கினேன். இமாச்சலில் பனிச்சரிவு மீட்புப் பயிற்சி எடுத்து மூன்று வருடம் ஆகிறது. டிரான்ஸீவர் என்பது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் மார்பில் கட்டிக்கொள்ளும் கருவி; சிக்னலை அனுப்பும், தேடலுக்கு மாற்றினால் மற்றவரின் சிக்னலைத் தேடும். அதன் மூடியைத் திறந்தால், கழற்றாமல் விட்ட பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, புது பேட்டரி போட்டதும் நல்லவேளையாக உயிர் வந்தது. பையில் இருந்ததே இப்படி என்றால், கையில் இருந்த பழக்கம் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

குன்னூரில் இருந்துகொண்டு பனிச்சரிவு மீட்பை எங்கே பழகுவது? எங்கள் மலையில் விழுவது உறைபனி. தலைக்குந்தா புல்வெளி விடியலில் வெள்ளையாகக் கிடக்கும், வெயில் ஏறினால் ஒன்றும் இருக்காது. பனிச்சரிவுக்கான ஆங்கிலச் சொல்லிலேயே அவலாஞ்சி என்று ஊரே இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் வந்தது மண்சரிவால். இன்னொரு பக்கம், மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் எங்கள் வெலிங்டனில்தான். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் அதன் 19-ஆவது பட்டாலியனோடு இருந்தவர்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த வாரம் இங்கே டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. அதனால் இதைத் தூரத்து விஷயமாக என்னால் நினைக்க முடிந்ததில்லை.

கேத்தியில் சித்தப்பாவின் தோட்டத்தில் நீர்போக (பாசனப் பருவ) உருளைக்கிழங்குக்காக ஒரு லாரி மாட்டு எரு இறக்கியிருந்தார்கள். சரிவில், ஆள் உயரத்துக்கு. மேலே பொலபொலவென்று, அடியில் ஈரத்தோடு இறுகி. சரிந்து நின்ற பனியும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், மென்மையாக இருக்காது. நாற்றத்தை மறந்துவிட்டால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

நாங்கள் மூன்று பேர்: நான், சித்தப்பா பையன், கூட வரப்போகும் செவிலியர் தோழி. பழைய கம்பளியை உரச்சாக்கில் திணித்து ஓர் 'ஆள்' செய்தோம். தோழி தன் டிரான்ஸீவரை எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடப் போனாள். உலோகம் சிக்னலை அமுக்கிவிடும் என்று பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினோம். நாங்கள் திரும்பி நிற்க, அவள் புதைத்துவிட்டு நேரம் பார்க்க உட்கார்ந்தாள்.

முதல் முறை நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கருவியில் 12, 9, 6 என்று தூரம் குறைந்துகொண்டே வந்தது. அம்பு காட்டிய பக்கம் ஓடினேன். குவியலுக்கு அந்தப் பக்கம், 2 என்று காட்டிய இடத்தில், மண்வெட்டியோடு தம்பி நின்றான். அவன் தேடலுக்கு மாற்றவே இல்லை. அவன் மார்பில் இருந்த கருவி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை நேரம் உயிரோடு நடமாடும் ஆளைத்தான் நான் தேடியிருக்கிறேன்! தோழி சிரிக்கவில்லை, "ஆறு நிமிஷம் போச்சு" என்றாள். இந்தக் கருவிகள் எல்லாம் ஒரே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. ஒருவர் மறந்தாலும் எல்லோரும் கெட்டோம். அன்று முதல், தேடத் தொடங்கும்போது "தேடல்!" என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அப்புறம் செல்போன். தேடும்போது கருவிக்கும் அதற்கும் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். என்னுடையது அதே சட்டைப்பையில் இருந்தது.

இரண்டாவது முறை சிக்னல் சுலபமாகக் கிடைத்தது. மூன்று மீட்டருக்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்து, கருவியை எருவை ஒட்டிப் பிடித்து, நேராகவும் குறுக்காகவும் நகர்த்தி, மிகச் சிறிய எண் வரும் இடத்தைப் பிடித்தேன். ஆனால் புதைந்தவரைக் குத்தித் தொட்டறியும் நீளமான குத்துகோலை நேர்கீழாக இறக்கினேன். சரிவில் அப்படிச் செய்யக் கூடாது, சரிவின் மேற்பரப்புக்கு 90 டிகிரியில் குத்த வேண்டும். நடுவில் தொடங்கி 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றி விரிந்து போனபோது நான்காவது குத்தில் 'தொம்' என்று ரப்பர் மாதிரி பட்டது. பட்டால் கோலைப் பிடுங்காமல் அப்படியே விட வேண்டும்.

தோண்டுவது இருக்கிறதே, அதுதான் நேரத்தைத் தின்கிறது. பயிற்சியில் கருவியைப் பற்றியே பேசிப் பேசி இதை யாரும் மனதில் ஏற்றிக்கொள்வதில்லை என்பது என் குறை. நான் கோலின் பக்கத்திலேயே குழி பறித்தேன். பக்கச்சுவர் சரிந்து விழுந்தது, நான் நின்றது 'ஆளின்' நெஞ்சின்மேல். ஆழம் ஒரு மீட்டர் என்றால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, கிடைமட்டமாக உள்ளே வெட்டிக்கொண்டு போக வேண்டும். தூக்கி எறியாமல் பின்னால் தள்ள வேண்டும். முன்னால் நிற்பவர் ஒரு நிமிடத்தில் மாற வேண்டும். மண்வெட்டி பிடித்து வளர்ந்த தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முகம் தெரிந்ததும் தோழி எங்களை விலக்கினாள். வாயிலும் மூக்கிலும் அடைத்திருப்பதை முதலில் எடு, நெஞ்சின்மேல் இருக்கும் பாரத்தை நீக்கு, மார்பை அழுத்துவதோடு நிற்காமல் மூச்சும் ஊது என்று சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தாள். புதைந்தவர்களில் பெரும்பாலோர் சாவது மூச்சடைத்து. பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்.

நடுவில் டீ குடித்தபடி போனிலேயே எதிரே தெரிந்த தேயிலைச் சரிவை அளந்தேன். 33 டிகிரி. பனிச்சரிவு அதிகம் நடப்பது 30 முதல் 45 டிகிரிக்குள்தான், அதுவும் மாட்டிக்கொள்பவரோ கூட வந்தவரோ காலை வைத்ததால் பெரும்பாலும். கண்ணுக்குச் சாதுவாகத் தெரிகிற சரிவு அது. மூன்று பேரும் குல்மார்க்கில் 30-க்குக் குறைவான சரிவுகளிலேயே ஏறுவது என்று அங்கேயே பேசி முடித்தோம். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஐந்தாவது முறை 8 நிமிடம் 40 விநாடி. அதுவும் எருவில், உடம்பு சூடாக இருக்கும்போது, யாரும் அலறாத இடத்தில். சித்தப்பா வந்து சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். "எப்படியும் பரத்தணும், பரத்திட்டே போயிடுங்க" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறோம் என்றோம். அதற்குள் கிழங்கு ஊன்றியிருப்பாராம், வேறு தோட்டம் பார்க்கச் சொன்னார்.