எஞ்சின் மூடிக்கு ஒரு மோல்ட்

ஜூன் 8, 2024, சனி

மாமாவின் 40 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சினின் மேல்மூடி வெடித்துப் பல மாதமாகிறது. கயிற்றால் கட்டிக்கொண்டுதான் திருகோணமலைத் திருக்கடலூரில் இருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போய் வருகிறார். புது மூடியின் விலையைக் கேட்டுவிட்டு, "நீ பைபரில ஒண்டு செய்து தாவன்" என்றார், கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பைபர்கிளாஸில். ஒரே ஒரு மூடிக்காக, பழைய மூடியின் மேலேயே வார்த்து மோல்ட் (அச்சு) எடுப்பது வீண் வேலை. ஆனால் கரையில் இதே எஞ்சின் இன்னும் ஏழெட்டு நிற்கிறது. சரி, எடுத்துப் பார்ப்போம்.

பழைய மூடியின் வெடிப்புக்கு உள்ளே மேட் (கண்ணாடி இழைப் பாய்) ஒட்டி, வெளியே புட்டி வைத்துத் தேய்த்தேன். 120இல் தொடங்கி, 1000 சாண்ட் பேப்பரில் தண்ணீர் விட்டு முடித்தேன். தோள்மூட்டு கழன்றுவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

பின்பக்கம் கைபிடிக்கிற குழி உள்வாங்கியிருக்கிறது. ஒரே துண்டாக மோல்ட் எடுத்தால் மூடி வெளியே வராது. அதனால் நடுவால் பிரித்து இரண்டு பாதி. நடுக்கோட்டில் ஒட்டுப்பலகைத் தடுப்பு நிறுத்தி, இடைவெளிகளை மருமகளின் விளையாட்டுக் களியால் அடைத்தேன். அந்தக் கோபத்தில் அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மெழுகு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் காயவிட்டுத் துணியால் தேய்த்து. அதற்கு மேல் பிவிஏ, மோல்ட் ஒட்டாமல் கழன்று வரப் பூசும், தண்ணீரில் கரையும் படலம்.

ஜூன் 12, புதன்

கச்சான் காற்று. காலை பத்துக்கே வளவில் நிற்க முடியவில்லை. கைக்குள்ளேயே இறுகிவிடுமோ என்ற பயத்தில் 200 கிராம் ஜெல்கோட்டுக்கு (மோல்டின் முகப்பாக முதலில் பூசும் நிற ரெசின்) அதை இறுக்கும் ஹார்ட்னர் ஒரு மில்லிதான் விட்டேன், அரை வீதம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. பிசுபிசுப்பு இருக்கலாம், நிறம் விரலுக்கு வரக்கூடாது. அது தெரிந்தும் மேட்டை விரித்து ரெசின் தடவினேன். பசி, வெயில், அவசரம்.

ஜூன் 14, வெள்ளி

தடுப்பைக் கழற்றினேன். விளிம்பு முழுக்க முதலைத்தோல். அரைகுறையாக இறுகிய ஜெல்கோட்டுக்குள் மேல் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் என்ற கரைப்பான் இறங்கி, ஊதிச் சுருங்க வைத்துவிட்டது. உள்ளேயும் அதே கோலம்தான். உடைத்தெடுத்துக் குப்பையில் போட்டேன்.

ரெசின் கடை அண்ணை சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். "வெயிலுக்குப் பயமெண்டா விடியக் காலமை செய்யும் தம்பி. ஹார்ட்னரை ஒரு வீதத்துக்குக் கீழ விடாதையும்." இந்தத் தடவை, இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனிப் போத்தலில் தந்தார். அதையும் ஹார்ட்னரையும் நேரே சேர்த்தால் வெடிக்கும். முதலில் ரெசினுக்குள் கோபால்ட், வடிவாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர். இதை மூன்று தரம் சொல்லி, என் வாயாலும் ஒரு தரம் சொல்ல வைத்துத்தான் காசை வாங்கினார்.

ஜூன் 21, வெள்ளி

போயா (பௌர்ணமி) லீவு. இரண்டாவது பாதியும் முடிந்தது. இரண்டையும் விடிய ஐந்தரைக்கே தொடங்கினேன், ஹார்ட்னர் ஒன்றரை வீதம். முதல் 300 கிராம் மேட் (சதுர மீற்றருக்கான எடை) ஒன்று மட்டும், குமிழ் ஒவ்வொன்றையும் ரோலரால் விரட்டி. அது இறுகிய பிறகு 450 கிராம் மேட் மூன்று, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஒரேயடியாகப் போட்டால் சூடேறி வளைந்துவிடும். பிரிக்க முதலே விளிம்பில் போல்ட் துளைகளைப் போட்டுவிட்டேன். இனி ஒரு கிழமைக்குத் தொடுவதில்லை.

ஜூன் 29, சனி

மர ஆப்பை விளிம்பில் செருகித் தட்டினேன். அசையவில்லை. இடுக்கால் தண்ணீர் விட்டேன், பிவிஏ கரையத் தொடங்கியது. இன்னொரு தட்டு. "டப்" என்ற சத்தத்தோடு ஒரு பாதி கையில் வந்தது. உள்ளே முகம் தெரிகிற மினுக்கம்.

மாமா விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். புட்டி வைத்த வெடிப்பு, மயிரளவு மேடாக மோல்டில் ஏறியிருந்தது. எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை.

"இது இறங்குதுறையில அடிச்ச இடமெல்லோ?"

நாளைக்கு அதை 1000 பேப்பரில் தேய்க்க வேண்டும்.