ஃபார்திங்: ஆண்டுக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் காசான ஃபார்திங், ஒரு பென்னியில் கால் பங்குதான். 1860 முதல் வெண்கலத்தில் வந்தவை சுமார் 20 மில்லிமீட்டர் அகலம், 2.83 கிராம் எடை. வகை பிரிக்க 0.01 கிராம் காட்டும் தராசும் 10 மடங்கு லென்ஸும் போதும்.

முதலில் 1860. விளிம்பை ஒட்டித் தனித்தனி மணிகள் இருந்தால் ஒரு வகை. விளிம்போடு சேர்ந்த பற்கள் இருந்தால் இன்னொன்று. தேய்ந்த காசில் பற்களும் மணிபோலத் தெரியும், ஆகவே தேய்மானம் குறைந்த பக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

1874, 1875, 1876, 1881, 1882 காசுகளில் ஆண்டுக்குக் கீழே 'எச்' (H) இருந்தால் பர்மிங்காம் ஹீட்டன் நாணய ஆலையில் அடித்தது. நம் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் காலத்தில் புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் காசுகளிலும் அதே எழுத்து உண்டு. தேய்ந்த 'எச்' எளிதில் மறைந்துபோகும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். 1875இல் ஆண்டு எண்ணே பெரிது, சிறிது என இரு விதம். 1895இல் கொண்டை போட்ட ராணி விக்டோரியாவும் உண்டு, முக்காடு போட்டவரும் உண்டு.

1897 முதல் 1918 வரை வந்த காசுகள் கறுப்பாக இருப்பது அழுக்கல்ல. அரை சவரன் தங்கக் காசு என்று ஏமாற்றாமலிருக்க நாணய ஆலையே கறுப்பேற்றியது. புளி போட்டுத் தேய்த்தால் மதிப்பும் போச்சு!

சிங்கப்பூர் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். பச்சைப் பிசுபிசுப்பு படியும். கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை பாக்ஸில் 40 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.