மூலையில் இருக்கும் அந்த வெள்ளைக் கோடு

விழித்திரைப் படமெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம், படத்தின் மூலையில் "200 மைக்ரான்" (ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) என்று போட்டு அளவைக் காட்டும் வெள்ளைக் கோட்டை மறந்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். மனிதர்களுக்காகச் செய்த ஓசிடி கருவியில் (ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) சுண்டெலியை வைத்தாலும், அது மனிதக் கண் என்று நினைத்தே கோடு போடும்.

கருவிக்குத் தெரிந்தது கோணம் மட்டும்தான். ஒரு டிகிரி என்பது விழித்திரையில் எவ்வளவு தூரம் என்பது கண்ணைப் பொறுத்தது. சுமார் 24 மி.மீ. நீளமுள்ள மனிதக் கண்ணில் அது 290 மைக்ரான் அளவுக்கு வரும். 3.3 மி.மீ. சொச்சம் இருக்கும் சுண்டெலிக் கண்ணில் 30 முதல் 35 வரைதான். ஒன்பது மடங்கு வித்தியாசம் என்பதால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

தொல்லை கொடுப்பது பத்து சதவீதப் பிழை. மூன்று வார வயதில் சுமார் 3 மி.மீ. இருக்கும் சுண்டெலிக் கண், நூறு நாளில் 3.3-ஐத் தொட்டுவிடும். இந்த இரண்டு பருவத்துக்கும் டிகிரியை மைக்ரானாக மாற்ற ஒரே எண்ணைப் போட்டால், தடிமன் மாறாத ரத்தக் குழாய்கூட வளர்ந்த எலியில் மெலிந்துபோனதாகத் தெரியும். பரப்பளவில் இது இன்னும் மோசம்: நீளத்தில் 10 சதவீதம் என்றால் பரப்பில் 21. மருந்து வேலை செய்கிறது என்று கட்டுரை எழுத அதுவே போதும்!

சரி, மனிதக் கண்ணுக்கு இருக்கும் சூத்திரத்தையே போடலாமே என்று கேட்பார்கள். 1994-இல் பென்னட் குழுவினர் தந்தது அது: அச்சு நீளத்திலிருந்து (முன்னிருந்து பின்வரை கண்ணின் நீளம், மி.மீ.-இல்) 1.82-ஐக் கழித்து 0.01306-ஆல் பெருக்கினால், ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று வரும். 24 மி.மீ. கண்ணுக்கு 0.29 என்று கச்சிதமாக வரும். 3.4 மி.மீ. போட்டுப் பாருங்கள், 21 மைக்ரான்கூட வராது. அந்த 1.82 மனிதக் கண்ணின் அமைப்பிலிருந்து வந்த எண். சுண்டெலியின் லென்ஸோ உருண்டையாகக் கண்ணின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு விலங்கின் கண் நீளத்தையும் தனியாக அளக்க வேண்டும். ஓசிடியிலேயே கார்னியாவின் நுனியிலிருந்து விழித்திரை வரை அளக்கலாம். ஆனால் கிடைப்பது ஒளிப்பாதையின் நீளம்; அதை ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால்தான் உண்மையான நீளம் வரும். லென்ஸின் ஒளிவிலகல் எண் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்பதால் ஒரே எண்ணால் வகுப்பதில் கொஞ்சம் பிழை ஒட்டிக்கொண்டே இருக்கும். மயக்கத்தில் உடல் குளிர்ந்தால் லென்ஸே மங்கிவிடும். வெப்பத் தட்டும் கண்ணில் விடும் ஜெல்லும் இல்லாமல் இந்த வேலைக்கு உட்காரவே கூடாது.

விழித்திரை அடுக்குகளின் தடிமனை மட்டும் அளப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆழத்தின் அளவு கண்ணின் நீளத்தைச் சார்ந்ததல்ல. பக்கவாட்டில்தான் எல்லாச் சிக்கலும்.

கணக்கு சரியா என்று பார்க்க, ரத்தக் குழாய் பிரியும் இரண்டு இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம் அதே விழித்திரையைத் தட்டையாக விரித்து நுண்ணோக்கியில் அளப்போம். பதப்படுத்தும்போது திசு சுருங்கும் என்பதால் அதையும் முழுசாக நம்ப முடியாது. எலிக்கு எலி விகிதம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். கண் நீளம் அளக்காத விலங்கின் படங்களுக்கு முடிவுகளை டிகிரியிலேயே கொடுத்துவிடுகிறோம்.