அல்மோதோவரின் மாட்ரிட், அவர் அம்மாவின் லா மாஞ்சா

மாட்ரிடில் கோந்தே துக்கே என்று 18ஆம் நூற்றாண்டுப் படைக்குடியிருப்பு ஒன்று இருக்கிறது. இப்போது அது கலாசார மையம். ஊருக்குப் போனதும் நான் முதலில் தேடிப் போனது அதன் சிற்ப வேலைப்பாடு மிகுந்த வாசலைத்தான். ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மோதோவர் 1987இல் எடுத்த 'லா ஆஃப் டிசையர்' படத்தில், புழுங்கும் கோடை இரவில், நடிகை கார்மென் மௌரா இந்த இடத்தில்தான் தெரு கழுவும் ஊழியரைப் பார்த்து, தன் மேல் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லிக் கத்துவார். அவரும் குழாயைத் திருப்பிவிடுவார். உடை உடலோடு ஒட்ட, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நனைவாள். அல்மோதோவர் படங்களின் வேட்கை என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிற துணிச்சல் அது.

ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து சில ஆண்டுகளே ஆன நாட்டில் இந்தத் துணிச்சலுக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்! 1949இல் லா மாஞ்சா வட்டாரத்தின் கால்சாதா தெ கலத்ராவா என்ற சிற்றூரில் பிறந்தவர் அல்மோதோவர். சினிமா படிக்க மாட்ரிட் வந்தால், ஃபிராங்கோ அரசு திரைப்படப் பள்ளியை மூடிவிட்டது. தொலைபேசி நிறுவனத்தில் குமாஸ்தா வேலை, சுமார் 12 ஆண்டுகள். அந்தச் சம்பளத்தில் சூப்பர் 8 என்ற சிறு படச்சுருள் கேமரா ஒன்றை வாங்கி, தானே பழகிக்கொண்டார். முதல் முழுநீளப் படம் 1980இல் வந்தது.

மாலையில் சீனே தோரேவுக்குப் போனேன். ஸ்பானியத் திரைப்படக் காப்பகத்தின் அரங்கு அது. 'டாக் டு ஹெர்' படத்தின் செவிலியன் பெனிக்னோ மௌனப்படம் பார்க்க வருவது இங்கேதான். கோமாவில் கிடக்கும் பெண்ணை ஆண்டுக்கணக்கில் குளிப்பாட்டி, தலைவாரி, அவளோடு பேசிக்கொண்டே இருப்பவன். அவன் செய்வது மன்னிக்க முடியாத குற்றம். ஆனாலும் அவனை முழுக்க வெறுக்கப் படம் நம்மை விடுவதில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு இது தொந்தரவாகத்தான் இருக்கிறது. அன்பு எந்த இடத்தில் அத்துமீறலாக மாறுகிறது என்று இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த இயக்குநர்கள் குறைவு. 2003இல் அதன் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அப்புறம் தெற்கே, லா மாஞ்சாவில் இருக்கும் அல்மாக்ரோவுக்கு. பச்சை வண்ணச் சட்டங்களில் கண்ணாடி பதித்த மாடங்கள் இருபுறமும் நீளும் சதுக்கம், 17ஆம் நூற்றாண்டின் திறந்தவெளி நாடக அரங்கு, ஊறுகாய் போட்ட குட்டிக் கத்தரிக்காய். எல்லாம் அழகுதான். ஆனால் நான் வந்தது பக்கத்து ஊரான கிரனாதுலா தெ கலத்ராவாவின் கல்லறைத் தோட்டத்துக்காக. திராட்சையும் ஆலிவும் வளர்ந்த சமவெளியில் டாக்சி போனது. இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது.

'வோல்வெர்' (2006) தொடங்குவது இங்கேதான். காற்று வாரியடிக்க, ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்று கல்லறைகளைத் தேய்த்துத் துடைக்கிறார்கள், பூ வைக்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள். அகுஸ்தினா என்ற பெண் துடைப்பது தனக்கென்று வாங்கிவைத்திருக்கும் கல்லறையை! அந்தப் படத்தில் செத்துப்போன அம்மா திரும்பி வந்தால்கூட யாரும் பெரிதாக அலறுவதில்லை. அலறுவதற்குப் பதில் அம்மாவுக்குத் தலைக்குச் சாயம் பூசிவிடுகிறாள் மகள். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதை இப்படத்தின் ஆறு பெண்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைவிடப் பொருத்தமான விருது இருக்க முடியாது.

நான் போனபோது அங்கே ஓர் அம்மாள் வாளியும் துணியுமாக வேலையாக இருந்தார். வணக்கம் சொன்னேன். தலையசைத்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார். சிவப்பு நிறம், காமம், மிகையுணர்ச்சி என்றே அல்மோதோவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அவர் படங்களின் சூடு இந்தக் கைவேலையிலிருந்து வருவதாகத் தோன்றியது. குளிப்பாட்டுவது, சமைப்பது, துடைப்பது, செத்தவர்களையும் விடாமல் கவனித்துக்கொள்வது.

அல்மோதோவரின் அம்மா பிரான்சிஸ்கா கபயேரோ பற்றி அவரே எழுதியிருக்கிறார். எக்ஸ்ட்ரெமதுரா வட்டாரத்தில் வாழ்ந்த காலத்தில், எழுத்தறியாத அண்டை வீட்டுக்காரர்களுக்கு வந்த கடிதங்களை அம்மா படித்துக் காட்டுவாராம். அந்த வீட்டுப் பாட்டியை விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லாத வரியைத் தானே சேர்த்துவிடுவாராம். ஏன் என்று சிறுவன் பெத்ரோ கேட்டதற்கு, பாட்டி எவ்வளவு சந்தோஷப்பட்டாள் பார்த்தாயா என்றாராம். நிஜத்துக்குக் கற்பனை தேவைப்படுகிறது என்று அல்மோதோவர் கற்றது அங்கேதான். மகனின் சில படங்களில் அந்த அம்மா தலைகாட்டியிருக்கிறார். 1999இல் காலமானார். இருபது ஆண்டு கழித்து வந்த 'பெயின் அண்ட் குளோரி'யில், வயதான தாய் தன்னை அடக்கம் செய்யும்போது எப்படி உடுத்த வேண்டும் என்று இயக்குநர் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பார். கூடவே, பக்கத்து வீட்டுக்காரிகளைப் படத்தில் போடாதே என்றும் கண்டிப்பார். அந்தக் காட்சியை இனி என்னால் கிரனாதுலாவின் காற்று இல்லாமல் பார்க்க முடியாது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலையில் அல்மாக்ரோவில் நாடக விழா நடக்கும், அறை கிடைப்பது கடினம். படங்களுக்கு இன்னும் பழகாதவர்கள் 'வோல்வெர்'இல் தொடங்குங்கள், அடுத்து 'ஆல் அபௌட் மை மதர்'. 'டாக் டு ஹெர்' மூன்றாவதாக இருக்கட்டும். பார்த்து முடித்ததும் பேசுவதற்கு ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.